ஆயிரம் சனிக்கிழமைகள்

சனிக்கிழமை காலைக் காபி ஆறி ஆடை கட்டும்வரை மிக்கேல்ராஜ் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடிக்க மறந்துவிடவில்லை. குடித்து முடித்தால் எழுந்து வேலையைப் பார்க்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில், சொந்தத் தொழில் செய்கிற ஒரு மனிதனால் நடத்த முடிந்த வேலைநிறுத்தம் இவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு மறுநாள் வீட்டை விட்டுப் போன மகன் இனிகோ, ஆடி பிறந்தும் திரும்பவில்லை. சின்னாளபட்டி நெசவாளர் வீட்டுப் பெண் யுவராணியைத்தான் கட்டுவேன் என்று அவன் சொன்னான். "அப்ப இந்த வீட்டு வாசல மிதிக்காத" என்று இவர் சொன்னார். அவன் மிதிக்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அப்பா சொல்லி மகன் உடனே கேட்டது அந்த ஒரு பேச்சைத்தான்.

மகனோடு டிரைவரும் போய்விட்டான், ஏனென்றால் இருவரும் ஒரே ஆள். சனிக்கிழமை மதியம் நாகல் நகரில் கிளம்பி வேளாங்கண்ணி போய், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற வேனை இப்போது அழகர் ஓட்டுகிறான். இருபது சீட்டு. டிரைவருக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு உண்டு, அது மிக்கேல்ராஜுடையது. வழியெல்லாம் ஜெபமாலை சொல்ல வைப்பதும், திருச்சியில் டீ குடிக்க இறங்கியவர்களைத் தலை எண்ணி ஏற்றுவதும் அவர் பொறுப்பு.

வேனின் நெற்றியில் 'ரோசலின்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். அது அவர் மனைவி பெயர். பெயர் வாராவாரம் வேளாங்கண்ணி போய் வருகிறது. ஆள்தான் போனதில்லை.

செவ்வாய்க்கிழமை ரோசலின் டெலிபோனில் குரலைத் தாழ்த்திப் பேசியதை அவர் குளியலறையில் சோப்பும் நுரையுமாக நின்று கேட்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சா? மாதா குளத்துக்கிட்டயா?... மஸ்கட்டுக்குத் திங்கக்கெழமையேவா கெளம்புற?... அழாதடா. நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. இனிகோ நாகப்பட்டினத்தில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறான் என்று ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாது என்று அவர் மட்டும் நடித்துக்கொண்டிருந்தார். இப்போது அவன் கடல் கடந்து போகிறான். போகுமுன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறான்.

அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஏற்றினால் அதற்கே ஒரு வேன் பத்தாது.

எப்படியும் வண்டியோடு அவரும் போவார். மெழுகுவர்த்திக் கடைக்குப் பின்னால் நின்று தூரத்திலிருந்து ஒரு தடவை பையனைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இளைத்திருக்கிறானா என்று மட்டும். அதற்குப் பேசவேண்டிய அவசியமில்லை.

"அப்பா, இங்க வாங்க. பயப்படாம வாங்க" என்று முன்னறையிலிருந்து பிரிஸ்கில்லா கூப்பிட்டாள்.

பிரிஸ்கில்லா இளையவள். பகலில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை, ராத்திரியில் தபால் வழி எம்.பி.ஏ. சென்டரில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று மாதாப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து இரைந்துகொண்டிருந்தது.

"பயமா? எனக்கா? இருபது சீட்டுக்கு இருபத்திரெண்டு பேர எழுதி வச்சிருக்கேன். எனக்கென்ன பயம்?"

"ரெண்டு வாரமா சரியாத்தான வந்துச்சு? மொத வாரம் பத்தொம்போது. போன வாரம் கரெக்டா இருபது."

அது உண்மைதான். போனில் சீட்டுச் சொல்லி வைப்பவர்களில் வாரத்துக்கு மூன்று பேராவது வருவதில்லை. மாமியார் செத்தார், மாடு கன்று போட்டது, மறந்துபோச்சு. காலிச் சீட்டுக்கும் டீசல் எரிகிறது. இதற்குத்தான் பிரிஸ்கில்லா எக்செல்லில் ஒரு வைத்தியம் செய்திருந்தாள்.

"இந்தா, இருபத்திரெண்டு வரிசை. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. ஒவ்வொரு ஆளுக்கும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுப் பாக்குது. ஒண்ணுன்னா வந்தாச்சு. பூஜ்யம்னா வரல. கீழ கூட்டிக் காட்டும். இருபதுக்குள்ள இருந்தாத் தப்பிச்சோம்."

"கூடிருச்சுன்னா?"

"செவப்பாயிரும்."

"கம்ப்யூட்டரா, நானா?"

பிரிஸ்கில்லா சிரிக்காமல் எஃப் ஒன்பது பொத்தானைத் தட்டினாள். எண்கள் எல்லாம் ஒரு தடவை கண் சிமிட்டின. பத்தொன்பது. இன்னொரு தட்டு. இருபது. இன்னொன்று. பதினெட்டு. இன்னொன்று. இருபத்தொன்று, சிவப்பு.

மிக்கேல்ராஜ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அது ஒரு சனிக்கெழமப்பா. நான் ஆயிரம் சனிக்கெழம ஓட்டிப் பாத்துட்டேன். ஏழு வாரத்துக்கு ஒருக்காத்தான் ஆள் கூடுது. அப்பக்கூட டிக்கெட் பணத்தத் திருப்பிக் குடுத்து, அடுத்த வாரம் ஓசில கூட்டிட்டுப் போனாலும் நமக்கு லாபம்தான்."

"வசவுக்கு எம்புட்டுப் போட்டிருக்க?"

"வசவா?"

"ஆமா. வண்டில எடம் இல்லன்னா வைவாங்கள்ல? அதுக்கும் ஒரு கட்டம் வேணும்ல? இந்த வாரம் ஆனந்தமேரி டீச்சர் வாராங்க. பெரிய எண்ணாப் போடு."

"அதெல்லாம் எண்ணாப் போட முடியாதுப்பா."

"அப்ப உன் ஆயிரம் சனிக்கெழமைலயும் எவனும் என்னைய ஒரு வார்த்த வையல. எனக்கும் அந்த ஊர்லயே வண்டி ஓட்டணும்போல இருக்கு."

அந்த நேரம் பார்த்து ரோசலின் அடுப்படியிலிருந்து வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டே, மளிகைச் சாமான் சொல்கிற குரலில் சொன்னாள்:

"இந்த வாரம் நானும் வாரேன். நேர்த்தி ஒண்ணு இருக்கு."

மிக்கேல்ராஜ் தன் முகத்தில் ஆச்சரியம் இருக்குமாறு பார்த்துக்கொண்டார். "என்ன நேர்த்தி?"

"நேர்த்தின்னா நேர்த்தி. சொல்லிட்டாப் பலிக்காது."

"வாயேன். உன் பேருதான மொதப் பேரே?"

இதில் கதை இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் முதல் சவாரிக்கு ஆள் பிடிக்கையில், ராசிக்காக முதல் சீட்டை மனைவி பெயரில் எழுதினார். அன்று வண்டி நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தச் சவாரியாக இருந்தாலும் முதல் பெயர் ரோசலின். கடைசி நேரத்தில் யாராவது ஓடி வருவார்கள். "வீட்டம்மா சீட்டுத்தான, குடுத்துருங்க" என்பார்கள். கொடுத்துவிடுவார். ஓடி வர யாரும் இல்லாத வாரங்களிலும் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கட்டி வைத்த பையை அவிழ்க்கிற சிரமம் மிச்சம்.

பிரிஸ்கில்லா மட்டும் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் டெலிபோன் அடித்தது.

ஒரு அம்மாளுக்கு ராத்திரியிலிருந்து வயிற்றுப்போக்காம். வர முடியாதாம்.

"அடடா, பாவமே, உடம்பப் பாத்துக்கங்க" என்று போனை வைத்தார் மிக்கேல்ராஜ். அடுத்தவர் வயிற்றுப்போக்குக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். "ஒண்ணு கழிஞ்சது பாப்பா. இன்னும் ஒரு ஆளுக்கு எதாவது ஆச்சுன்னா நாம பொழச்சோம்."

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றைக்கென்று ஊரே ஆரோக்கியமாக இருந்தது.

மதியம் டயர் கடை முன்னால் வேன் நின்றது. ஆடிக்காற்று மண்ணை வாரி எல்லோர் முகத்திலும் பாரபட்சமில்லாமல் அடித்தது. குஜிலியம்பாறையிலிருந்து குழந்தைக்கு மொட்டை போட வந்த குடும்பம் எட்டுப் பேரும் வந்துவிட்டது. ஒரு ஆளாவது வயலுக்குப் போயிருக்கக் கூடாதா? புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. கையில் சோற்றுமூட்டையோடு நான்கு பெண்கள் வந்தார்கள். ரோசலின் மூன்றாவது வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நீலப் புடவை, மடியில் பை. கண்ணாடிக்குள் அவளைப் பார்க்க யாரோ போலத் தெரிந்தது. அந்த வண்டிக்குள் அவளைப் பார்த்து அவருக்குப் பழக்கமில்லை.

அழகர் தலைகளை எண்ணிவிட்டு இறங்கினான்.

"அண்ணே, ஒரு சீட்டுத்தான் பாக்கி. இன்னும் யாராச்சும் உண்டா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு ஆட்டோ வந்து நின்றது. தாடிக்கொம்பு ஆனந்தமேரி டீச்சர் முதலில் இறங்கினாள். பிறகு காலில் கட்டுப்போட்ட அவள் வீட்டுக்காரரை இறக்கினாள். சர்க்கரைப் புண். அடுத்த வாரம் விரலை எடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

இரண்டு பேர். ஒரு சீட்டு.

மிக்கேல்ராஜ் ஏறி நின்று, தன் குரலில் இருந்த எல்லா நகைச்சுவையையும் திரட்டினார்.

"ஒரு சின்னச் சங்கடம். யாராச்சும் ஒருத்தர் இன்னைக்கு விட்டுக் குடுத்தா, பணமும் வாபஸ், அடுத்த வாரம் சும்மாவே கூட்டிட்டுப் போறேன். மாதா எங்கயும் போயிர மாட்டா, அடுத்த வாரமும் அங்கதான் இருப்பா."

யாரும் சிரிக்கவில்லை. குஜிலியம்பாறைப் பெரியவர், "மாதாகிட்டப் போறவன எறக்கி விடுறியே, நீயெல்லாம் எங்க போயி மொட்ட போடுவ?" என்று கேட்டார். பிரிஸ்கில்லாவின் கணக்கில் பணம் திருப்பிக் கொடுப்பது வந்தது, இலவசம் வந்தது, லாபம் வந்தது. இந்தக் கேள்வி மட்டும் கம்ப்யூட்டரில் வரவில்லை.

"என்ன மிக்கேலு, பதினஞ்சு நாளைக்கு முந்தி சொன்ன சீட்டு" என்று கீழிருந்து ஆரம்பித்தாள் ஆனந்தமேரி. "எத்தன சீட்டுக்கு எத்தன பேர எழுதுன? கூட்டல் தெரியாத பையனயெல்லாம் பாஸ் போட்டு விட்டது எங்க தப்புத்தான்."

"நெருக்கி உக்காருவமா அண்ணே?" என்றான் அழகர்.

"போன தடவ ஒரு ஆள் கூட ஏத்துனதுக்கு செக்கிங்ல என்ன சொல்லி விட்டாங்க? இன்னொரு தடவ மாட்டுனா பெர்மிட் போச்சு."

பிரிஸ்கில்லா படிக்கட்டுப் பக்கம் வந்து அவர் சட்டையை இழுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அப்பா. தப்பு நான் பண்ணிட்டேன். ஒவ்வொரு வாரமும் எத்தன பேர் எழுதினோம், எத்தன பேர் வந்தாங்கன்னு எண்ணித்தான அந்தக் கணக்கப் போட்டேன்? மூணு பேர் வரலைன்னு எண்ணுனேன். யாரு வரலைன்னு பாக்கல."

"யாரு?"

"அதுல ஒண்ணு எப்பவும் அம்மாப்பா. எல்லா வாரமும் அம்மா பேரு இருக்கு, எல்லா வாரமும் அம்மா வரல. அம்மா வர மாட்டாங்கன்னு வச்சுத்தான் நான் ஒரு ஆளக் கூட எழுதச் சொல்லியிருக்கேன். எனக்கே தெரியாம."

மிக்கேல்ராஜ் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். சொல்வதற்கு ஏதாவது நையாண்டி வரும் என்று அவரே காத்திருந்தார். வரவில்லை. மகள் ஆயிரம் சனிக்கிழமைகள் ஓட்டிப் பார்த்தாளே, அந்த ஆயிரத்திலும் வண்டி கிளம்பிப் போயிருக்கிறது. ஆயிரத்திலும் ஒரு பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் அரிசி களைந்திருக்கிறாள். மகள் கண்ணுக்கு அது தெரியவில்லை என்றால், அவர் கண்ணுக்கு ஆறு வருடமாகத் தெரியவில்லை.

அதற்குள் வேனுக்குள் ரோசலின் எழுந்து நின்றுவிட்டாள். யாரும் கேட்காமலே பை கையில் ஏறிவிட்டது.

"நான் எறங்கிக்கிறேன். டீச்சர், நீங்க வாங்க. அண்ணன உள்ள ஏத்துங்க."

"ரோசு, உக்காரு."

"நீங்க போனாப் போதும்ங்க. நீங்க கட்டாயம் போகணும்."

"உக்காருன்னேன்."

"சொன்னாக் கேளுங்க. நீங்க..."

"நேர்த்தின்னுட்டுப் பாதில எறங்குவியா? மாதாகிட்ட யாரு பதில் சொல்றது?"

வண்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருடத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது ஒரு சீட்டில் உட்கார வைப்பதற்காக என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ரோசலின் மெதுவாக உட்கார்ந்தாள். பையை மட்டும் விடவில்லை.

மிக்கேல்ராஜ் இறங்கி முன்பக்கம் போனார். டிரைவர் பக்கத்துச் சீட்டில் கிடந்த தன் துண்டையும் ஜெபமாலையையும் எடுத்தார். ஆனந்தமேரியின் வீட்டுக்காரரை அணைத்துப் பிடித்து அங்கே ஏற்றி, கட்டுப்போட்ட காலை நீட்ட வசதி செய்து கொடுத்தார். ஜெபமாலையை டீச்சர் கையில் வைத்தார்.

"நீங்களே சொல்ல வைங்க டீச்சர். என்னைய வஞ்சுக்கிட்டே சொன்னாலும் மாதா ஏத்துக்குவா."

டீச்சர் அவரையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, வையாமலே வண்டியில் ஏறினாள்.

கதவைச் சாத்திவிட்டு மூன்றாவது சன்னலுக்கு வந்தார். மெழுகுவர்த்திக் கடை, தூரத்திலிருந்து ஒரு பார்வை, எல்லாம் போயிற்று. போகட்டும். பார்க்க வேண்டியவள் பார்ப்பாள்.

"என்ன, நீங்க ஏறலையா?" ரோசலினின் குரல் கீச்சென்று போனது. "அங்க யாரு உக்காந்திருக்கா?"

"எடம் இல்ல. நீ போயிட்டு வா." பிறகு ஆடிக்காற்றிடம் சொல்வதுபோல் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன்ட்ட... கேட்டேன்னு சொல்லு."

"யாருட்ட?"

"நமக்கென்ன நாலு இனிகோவா இருக்கான்?"

ரோசலின் வாயைத் திறந்தாள். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. அழகர் கியர் போட்டான். உள்ளே டீச்சர் கணீரென்று சிலுவை போட்டு ஆரம்பித்துவிட்டாள். நகருகிற சன்னலிலிருந்து தலையை நீட்டி ரோசலின் கத்தினாள்:

"அட என்னங்க நீங்க! அவன் பாக்கணும்னு கேட்டதே உங்களத்தான்! என்னைய இல்ல! சொன்னா வர மாட்டீங்கன்னுதான், எப்பவும் போற மாதிரிப் போவீங்கன்னுதான்..."

மிச்சம் லாரிச் சத்தத்தில் போய்விட்டது.

அவர் ஓடினார். ஓடினார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வேட்டியையும் வயதையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு டயர் கடையிலிருந்து அடுத்த மருந்துக்கடை வரைக்கும் போனார். 'ரோசலின்' திருப்பத்தில் மறைந்தாள்.

பிரிஸ்கில்லா ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாள்.

"ஏறுங்கப்பா, விரட்டிப் பிடிச்சிரலாம்."

"பிடிச்சு? உங்கம்மா எறங்கிருவா. நான் எங்க நிப்பாட்டினாலும் அவ எறங்கிருவா." மூச்சு வாங்கியது. "அவ எறங்கக் கூடாது பாப்பா."

"எல்லாம் என்னாலதான்."

"உன் கம்ப்யூட்டர் என்ன தப்புச் சொல்லுச்சு? நான் ஆறு வருசமா சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லுச்சு. கண்ணத் தொட. பஸ் ஸ்டாண்டுக்கு விடு."

திருச்சி பஸ் புறப்படத் தயாராக நின்றது. தயார் என்றால், உள்ளே இனி ஒரு எலுமிச்சம்பழம் வைக்க இடமில்லை என்று அர்த்தம். படியில் நான்கு பேர் தொங்கினார்கள். கண்டக்டர் அதைப் பற்றிக் கவலையே இல்லாமல், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல காலியாக் கெடக்கு" என்று கூவிக்கொண்டிருந்தார்.

மிக்கேல்ராஜ் ஏறினார். ஒரு கூடை, இரண்டு முழங்கை, யாருடையதென்று தெரியாத ஒரு வியர்வை முதுகு. அதற்கு நடுவில் மேல்கம்பி கைக்குக் கிடைத்தது. நான்கு மாதம் பேசாத மகனிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது? "எப்ப கெளம்புற?" வேண்டாம், அனுப்பி வைப்பது மாதிரி இருக்கும். "எளச்சுட்ட." அது அம்மாக்கள் சொல்வது. திருச்சி போய்ச் சேருவதற்குள் ஏதாவது கிடைக்காதா?

"எங்க சார்?"

"வேளாங்கண்ணி போகணும். திருச்சிக்கு ஒண்ணு குடுங்க."

"வேளாங்கண்ணியா? திருச்சில எறங்கி தஞ்சாவூர் வண்டி பிடிச்சு, அங்க மாறணும். ராத்திரி ஆயிரும்." கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு, முன் சீட்டில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் தோளைத் தட்டினார். "அய்யா, நீங்களும் வேளாங்கண்ணிதான கேட்டீங்க? இவரும் அங்கதானாம். தனியாப் போறமேன்னீங்களே. தொணைக்கு ஆள் கெடச்சிருச்சு."

அந்த மனிதர் திரும்பினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் சுங்குடிச் சேலைக்காரர்கள் கொண்டுபோகிற மஞ்சள் துணிப்பை.

சின்னாளபட்டி வீரப்பன். யுவராணியின் அப்பா. ஈஸ்டர் அன்று மிக்கேல்ராஜின் வாசலில் நின்று, இனி உன் முகத்தில் முழித்தால் என் பெயர் வீரப்பன் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பிய குலுக்கலில் மிக்கேல்ராஜ் அவர்மேலேயே போய்ச் சாய்ந்தார்.

வீரப்பன் பையைத் தூக்கி மடியின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவரை முழங்கையால் நெருக்கிவிட்டு, சீட்டின் நுனியில் ஒரு சாண் இடம் பண்ணினார்.

"வேளாங்கண்ணி வரைக்கும் நின்னுக்கிட்டேவா போவீக?" என்றார், முகத்தைப் பார்க்காமலே. "உக்காருங்க. எம்மகளும் வரச் சொல்லியிருக்கா."